நிரோசினியின் செம்புள்ளி

என் மனைவி நிரோசினிக்கு நாற்பத்தைந்து வயதில் வெள்ளெழுத்து வந்தது. எல்லோருக்கும் வருகிற சங்கதிதான். எனக்கும் வந்தது. பல்லரோச் சந்தையில் தெருவோரம் விற்ற கண்ணாடி ஒன்றை வாங்கி மூக்கில் மாட்டினேன், அத்தோடு விஷயம் முடிந்தது. அவளுக்கோ அது வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. காரணம், அவள் இடுப்பில் துப்பாக்கி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவள்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடை இருக்கிறது. அதன் வாசலில் நிற்கிற ஆயுதக் காவலாளி என் மனைவிதான். இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரில் எங்கள் தமிழ்ப் பெண்கள் வீடு துடைக்கிறார்கள், சமைக்கிறார்கள், வயதானவர்களைப் பார்க்கிறார்கள். துப்பாக்கியோடு நிற்கிறவள் எனக்குத் தெரிய இவள் ஒருத்திதான். ஐந்து வயதில் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், இத்தாலியக் கடவுச்சீட்டுக்காரி. நான் இருபத்துநாலு வயதில் தனியாக வந்தவன். இன்னும் பெர்மேசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு, வியா மக்வேதாத் தெருவை அண்டிய பழைய மாடிவீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிறேன். பெயர் ஆனந்தராசா. இவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என்னை இழுக்காமல் எழுத முடியாது போலிருக்கிறது.

அந்தக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு உட்பக்கத்தில் அவள் ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலம் நிற்பாள். எங்கள் பெண்கள் சிலர் தெருவால் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு, “பதினெட்டுக் கரட்டுக்கு ஏன் பிள்ளை காவல்? உதை ஆர் களவெடுக்கப் போறான்?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். அங்கே நின்றபடி என்ன யோசிப்பீர் என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்டும் யோசிக்கிறேல்லை. சும்மா பாத்துக்கொண்டு நிப்பன். ஆக்கள் மீன்தொட்டிக்குள்ளை போறமாதிரிப் போவினம், வருவினம்.”

அவள் சுபாவமே அப்படித்தான். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலடியில் நிற்பாள். எதிர்வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைத் துணிகள் காற்றில் ஊதிப் பெருக்கிறதைப் பார்த்தால் போதும், சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் மணந்தாலும் திரும்பமாட்டாள். இப்படியான கனவுக்காரியின் கையில் அரசாங்கம் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறதே என்று நான் பகிடி பண்ணுவேன். ஆனால் அந்தப் பார்வைக்கு எதுவும் தப்பாது. ஒருமுறை ஜூலை மாத வெயிலில் ஜாக்கெட் போட்டு, அதன் பைக்குள் கையை விட்டபடி ஒருவன் கடைக்கு வந்தான். இவள் அவனுக்கு முன்னால் போய்ச் சும்மா நின்றாள். அவன் ஏதோ மறந்துவிட்டவன் மாதிரித் திரும்பிப் போனான். பதினொரு வருஷத்தில் நடந்த பெரிய சம்பவம் அதுதான். வேலைநேரத்தில் அவள் துப்பாக்கியை உறையிலிருந்து ஒருநாளும் உருவியதில்லை.

ஆனால் வருஷத்துக்கு இரண்டு தரம் சுடுதளத்துக்குப் போய், ஒரு கடதாசி மனிதனைச் சுட்டு, இன்னும் சுடத் தெரியும் என்று காட்டவேண்டும். போன வசந்தகாலப் பரீட்சையில் அவள் தவறிவிட்டாள். பழைய துப்பாக்கியில் குறி பார்க்க, குழலின் நுனியில் நிற்கும் சின்ன முள் துல்லியமாகத் தெரியவேண்டும். அந்த முள்தான் அவளுக்குப் பனிமூட்டமாகப் போயிருந்தது. கண்ணாடியைப் போட்டால் முள் தெரிந்தது. கடதாசி மனிதன் கரைந்துபோனான். கடை வாசலில் அந்தக் கண்ணாடியோடு நின்றால் வருகிறவர்களின் முகங்களும் கரைந்துபோகும்.

கம்பெனியில் நல்ல மாதிரித்தான் கதைத்தார்கள். செப்டெம்பரில் இன்னொரு தவணை. அதிலும் தவறினால் ஆயுத அனுமதி போய்விடும், ஆயுதம் இல்லாத ஆளுக்கு அவர்களிடம் வேலை இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

“நான் திரும்பப் போய் மற்ற ஆக்களின்ரை பாத்ரூம் கழுவமாட்டன்” என்றாள்.

எதிரே இருந்தவன் அன்று காலை மூன்று கட்டடங்களின் படிக்கட்டைக் கழுவிவிட்டு வந்தவன். அது அவளுக்கு உடனே நினைவு வரவில்லை. வந்தபோது என் கையைப் பிடித்தாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை. தாயோடு சேர்ந்து பதின்நான்கு வருஷம் வீடு துடைத்த பிறகுதான் அவளுக்கு இந்தக் காவல் உடுப்புக் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது அவளுடைய நடையே வேறு.

அப்படித்தான் நாங்கள் சால்வோவின் கடைக்குப் போனோம். சால்வோ துப்பாக்கி விற்கிறவர், பருத்த மனிதர், மெதுவாகக் கதைப்பார். நிரோசினி தன் கண்ணின் கதையைச் சொன்னபோது அவர் வைத்தியர் மாதிரித் தலையாட்டிக் கேட்டார்.

“சிஞ்ஞோரா, இனி அந்த முள்ளோடு சண்டை பிடிக்கவேண்டாம். செம்புள்ளிக்கு வாருங்கள்” என்றார்.

துப்பாக்கியின் மேல் ஒரு தபால்தலை அளவில் கண்ணாடிச் சாளரம். பின்னால் கடுகளவு விளக்கு ஒன்று அந்தக் கண்ணாடியில் ஒளியை அடிக்கும். பார்க்கிறவருக்குக் கண்ணாடியில் புள்ளி தெரியாது. தூரத்தில், இலக்கின் மேலேயே ஒரு சிவப்புப் புள்ளி மிதப்பது மாதிரித் தெரியும். கண் இலக்கைப் பார்த்தால் போதும், கிட்டவுள்ள எதையும் பார்க்கத் தேவையில்லை. தூரப் பார்வைக்கு நிரோசினியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாத் துப்பாக்கியிலும் இதைப் பூட்ட முடியாது, மேற்பகுதியில் அதற்கென்று இடம் வெட்டிய துப்பாக்கிதான் வேண்டும் என்றார் சால்வோ. கம்பெனியும் அனுமதிக் கடிதம் தந்தது.

நான்கு சனிக்கிழமைகள் போனோம். சியெஸ்தா என்கிற மத்தியான ஓய்வு முடிந்து கடை திறக்கிற நேரம், வெளியே வெயில் மஞ்சளாகத் தெருவில் கிடக்கும். கடைக்குள் எண்ணெயும் மரமும் கலந்த மணம். எனக்கு மூலையில் ஒரு தோல் கதிரை. துப்பாக்கி என்றால் எனக்கு ஆகாது, எனவே நான் அந்தக் கதிரையில் அரைத் தூக்கத்தில் இருப்பேன். அவர்கள் கதைக்கிறது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிறது மாதிரி வரும். எடை, பிடி, விசை, புள்ளி. என் மனைவி இத்தனை மென்மையாகக் கதைத்து நான் கேட்டதில்லை, என்னோடுகூட.

ஒருமுறை மட்டும் கண்ணைத் திறந்து ஒரு கேள்வி கேட்டேன். “இவவின்ரை கை சின்னக் கை. சின்னத் துவக்காப் பாக்கக்கூடாதோ?”

நிரோசினி அதை இத்தாலியனில் சொன்னாள். சால்வோ சிரிக்கவில்லை. சின்னதுதான் கையில் அதிகம் குதிக்கும் என்றார். பெரிய துப்பாக்கியின் பிடியில் எல்லா விரலுக்கும் இடமுண்டு, எடை உதையை வாங்கிக்கொள்ளும், ஒளிச்சாளரம் பூட்டினாலும் தலைக்கனம் ஆகாது. ஒளித்து வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்குத்தான் சின்னது. சிஞ்ஞோரா எல்லோருக்கும் தெரிய நிற்கிறவர் அல்லவா என்றார். அது எனக்கும் விளங்கியது. மறுபடி கண்ணை மூடினேன்.

மூன்று துப்பாக்கிகள் மிஞ்சின. முதலாவது முழு இரும்பு. போட்டிக்காரர் விரும்புகிறது, சுட்டால் அசையாதாம். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல், அதை ஏழு மணித்தியாலம் இடுப்பில் சுமக்கவேண்டும், முதல் இழுப்பில் விசை அவளுடைய விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இரண்டாவது இலேசானது. அதில் ஒளிச்சாளரத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஒரு தகடு வரும். தகடு சாளரத்தை உயர்த்திவிடும், அதன் நுணுக்கமான ஆணிகள் நாள்பட இளகுவதும் உண்டு, அடிக்கடி பார்க்கவேண்டும் என்று சால்வோ ஒளிக்காமல் சொன்னார். மூன்றாவதில் இடத்தை ஆழமாக வெட்டியிருந்தார்கள், சாளரம் நேரே பதிந்து தாழ உட்கார்ந்தது. பிடியின் முதுகை மாற்றிச் சின்னதாக்கலாம். அரைமணி நேரம் மூன்றையும் மாறி மாறித் தூக்கினாள்.

பிறகு சால்வோ ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தார். கடைச் சுவரில் ஒரு நாட்காட்டி, அதில் கடற்கரைப் படம், கடலில் ஒரு வெள்ளைப் படகு. துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதை இரண்டு பேரும் பார்த்தபிறகு, அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படகை நினைத்துத் துப்பாக்கியை உயர்த்தவேண்டும். உயர்த்தியபின் கண்ணைத் திறக்கவேண்டும். புள்ளி படகில் நின்றால் அந்தப் பிடி அவளுடைய கைக்குப் பிறந்தது. இல்லாவிட்டால் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நான் அப்போது முழித்துத்தான் இருந்தேன். என் மனைவி கண்ணை மூடியபடி கடை நடுவில் நின்றாள். முகம் தளர்ந்து, உதடு கொஞ்சம் திறந்து, நித்திரையில் தெரிகிற முகம். வெளியே யாரோ ஒருவன் பழம் விற்று நீட்டி நீட்டிக் கூவிக்கொண்டு போனான். கைகள் தானாக எழும்பின. முதலாவதில் புள்ளி சாளரத்துக்கு வெளியே போய்விட்டது, தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கண்ணைத் திறந்தவள் அசையாமல் நின்றாள்.

“படகிலை நிக்குது” என்றாள் தமிழில், யாருக்கென்று இல்லாமல்.

பத்துத் தரம் செய்தாள், ஒன்பது தரம் படகில் நின்றது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவளுடைய கை கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது, அது என் பக்கத்தில் இல்லை.

புள்ளிதான் முதலில் வட்டமாகத் தெரியவில்லை. நசிந்த மாதுளைமுத்து மாதிரி இருக்கிறதென்றாள். சால்வோ வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தார். வட்டமாகிவிட்டது. பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார்: விளக்கும் கண்ணாடியும் ஒரு பெட்டிக்குள் மூடிய மாதிரியும் உண்டு, மழை தூசி உள்ளே போகாது, அதை எடுங்கள். நிரோசினிக்கு மூடியதன் சாளரம் ஒடுக்கமாகப்பட்டது. “நான் கடைக்குள்ளே நிற்கிறவள், எனக்கு எங்கே மழை?” என்று திறந்ததையே எடுத்தாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டில் புதிதாக ஒரு தொழில்சாமான் வந்தால் சந்தனம் குழைத்து ஒரு பொட்டு வைப்பது வழக்கம். என் ஸ்கூட்டருக்கு வைத்தேன். தூசி இழுக்கிற மெஷினுக்கு வைத்தேன். பொலோஞ்ஞாவில் படிக்கிற எங்கள் மகள் கேசிகாவின் லப்டொப்புக்கும் வைத்தேன், அதன் மூடியில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறதென்று அவள் புறுபுறுப்பாள். நிரோசினி பெட்டியை மேசையில் வைத்துத் திறந்து, என்னைப் பார்த்தாள். நான் எழும்பிப் பல்கணிக்குப் போய்க் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். பதினொரு வருஷத்துக்கு முதல் பழைய துப்பாக்கி வந்த அன்றும் இதையேதான் செய்தேன். பின்னால் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் ஒரு சோதனைச்சாவடியில், என் பையைக் கிளறி முடியும்வரை ஒரு சிப்பாய் தன் பிஸ்டலை என் காதின் மேல் வைத்திருந்தான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். கோபமாகக்கூட இல்லை, பக்கத்தில் நின்றவனோடு ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டு, கை களைக்காமல் இருக்க வைத்தவன் மாதிரி வைத்திருந்தான். இரும்பு குளிர்ந்திருந்தது. இதை நிரோசினிக்கு நான் சொன்னதில்லை. எனக்கு உது பிடிக்காது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பிடிக்காது என்றால் பாகற்காய் பிடிக்காது என்கிற மாதிரித்தான் கேட்கும்.

அந்தக் கோடை முழுவதும் அவள் வேலை முடிந்து வந்து பயிற்சி எடுத்தாள். ஞாயிறு காலைகளில் சுடுதளத்துக்குப் போவாள். மற்ற நாட்களில் குண்டுகளைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியோடு கூடத்தில் நின்று, பழைய நாட்காட்டி தொங்கிய ஆணியைக் குறிபார்ப்பாள். ஆபிரிக்காவிலிருந்து புழுதிக்காற்று வீசுகிற நாட்களில் வீட்டுக்குள் எல்லாம் மங்கல் செம்மஞ்சளாக இருக்கும். நான் சோபாவில் படுத்தபடி பார்ப்பேன். கை எழும்பும், நிற்கும், விசை ‘டிக்’ என்று விழும், கை இறங்கும். எனக்கு அந்தப் புள்ளி தெரியாது, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சுவரில் அது எங்கே மிதக்கிறது என்று அவளுடைய முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படியே நித்திரையாகிப் போவேன். நித்திரையில் அந்தச் சிப்பாய் வருவான், பையைக் கிளறுவான், உள்ளே எதிர்வீட்டுக் கொடியின் வெள்ளைத் துணிகள் மட்டும் வந்துகொண்டேயிருக்கும். விழித்தால் நிரோசினி இன்னும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அவள் பரீட்சையில் தவறவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. அந்தப் பெட்டகம் வீட்டை விட்டுப் போகும், நான் நிம்மதியாகத் தூங்குவேன், அவளுக்கு வேறு வேலை பார்க்கலாம். அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்து, “நல்லாச் செய்வீர்” என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் இப்படி நினைத்தேன்.

பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரம் அவள் துப்பாக்கியைத் துடைத்து, புள்ளி எரிகிறதா என்று பார்த்து, மேசையில் துணியின் மேல் வைத்தாள். எதிர்ப் பல்கணியிலிருந்து றோசமலர் கூப்பிட்டாள். றோசமலர் மன்னார்க்காரி, நாளைக்கு நிரோசினிக்காகத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போகிறாளாம். இரண்டு பேரும் தெருவுக்கு மேலால் கதைக்கத் தொடங்கினார்கள். நான் மேசைக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். எதிர்வீட்டுக்காரி மெழுகுதிரி கொளுத்துகிறாள், நான் ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை.

சுவாமித் தட்டில் காலையில் குழைத்த சந்தனம் காய்ந்திருந்தது. பன்னீர் விட்டுக் குழைத்தேன், பன்னீர் கொஞ்சம் கூடிப்போயிற்று. பிஸ்டலின் பிடிப்பக்கம் நின்று பார்த்தால் அந்தச் சின்னக் கண்ணாடி நெற்றி மாதிரித்தான் இருக்கிறது, வேறெங்கே வைப்பது? மோதிரவிரலால் தொட்டு வைத்தேன். என் சீவியத்தில் நான் துப்பாக்கியைத் தொட்டது அதுதான் முதல்தரம். குளிரவில்லை, அவள் கையில் வைத்திருந்த சூடு அதில் இருந்தது. கண்ணை மூடி, பிள்ளையாரே இவள் கேட்கிறதைக் கொடு என்று கும்பிட்டேன். இந்தத் தரம் மனதாரத்தான் கும்பிட்டேன். பிறகு பயம் பிடித்தது. சட்டப்படி அதில் அவளுடைய கை தவிர யாருடைய கையும் படக்கூடாது. சேட்டு நுனியால் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிட்டு விலகினேன். அவள் வந்தாள், பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் துடைத்துக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது.

“இஞ்சேருங்கோ, புள்ளி வருகுதில்லை” என்றாள் நிரோசினி. குரல் தாழ்ந்திருந்தது. “பற்றரி மாத்தினனான். ஏதோ மங்கலா ஒரு வெளிச்சம் கண்ணாடி முழுக்க நிக்குது, புள்ளி இல்லை. எனக்கு முன்னாலை ரெண்டு பேர்தான் இருக்கினம். நீங்கள் ஏதும் தொட்டனீங்களோ?”

விளங்கிவிட்டது. நீர்த்த சந்தனம் கண்ணாடியால் வழிந்து, கீழே விளக்கு இருக்கிற குழிக்குள் போய்க் காய்ந்திருக்கும். கண்ணாடியைத்தான் நான் துடைத்தேன். அந்தக் குழி இருக்கிறதே எனக்குத் தெரியாது.

முதலில் வந்தது சந்தோஷம். மறைக்கமாட்டேன். நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்து காற்று வருகிற மாதிரி இருந்தது. ஒன்றும் தெரியாது என்றால் போதும். பற்றரிப் பிழை, மெஷின் பிழை என்று முடிந்துவிடும், பெட்டகம் போய்விடும். யாரும் என்னைக் குறைசொல்லப் போவதில்லை. ஈரமான படிக்கட்டில் ஜன்னல் வெளிச்சம் நீளமாகக் கிடந்தது. அவளுடைய மூச்சுக் கேட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

“நான் சந்தனப் பொட்டு வைச்சனான்” என்றேன்.

“என்ன?”

“நேற்றுப் பின்னேரம். நீர் றோசமலரோடை கதைக்கேக்கை. அந்தக் கண்ணாடியிலை. துடைச்சனான், ஆனா கீழை வழிஞ்சிருக்கும்.”

“எந்தப் பக்கம்?”

“நீர் பாக்கிற பக்கம்.”

தொலைபேசி நின்றுவிட்டது. நான் அதே படிகளை மறுபடி கழுவினேன். மூன்றாவது தரமும் கழுவினேன். கீழ்வீட்டு சிஞ்ஞோரா கதவைத் திறந்து, இன்றைக்கு யாராவது பெரிய மனிதர் வருகிறாரா என்று கேட்டார்.

மத்தியானம் அவள் அந்தக் கட்டடத்துக்கே வந்தாள். காவல் உடுப்போடு, பூட்டிய பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, காய்ந்த படியாகப் பார்த்து இரண்டாம் மாடியில் உட்கார்ந்தாள். நான் வாளியை ஓரமாக வைத்துவிட்டு இறங்கினேன்.

“பாஸ்” என்றாள். “கொண்டையூசியிலை ரிஷுக் கடதாசியைச் சுத்தித் தோண்டினன். மஞ்சளா வந்துது.”

நான் அவளுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். நல்லதென்று சொன்னேன். அது நல்லதுதான்.

“சால்வோவுக்கு அடிச்சுக் கேட்டிருக்கலாம்” என்றாள். “அவருக்குத்தான் உதெல்லாம் தெரியும். ஆனா நான் உங்களுக்குத்தான் அடிச்சனான். ஏன் தெரியுமோ?”

“தெரியேல்லை.”

“நீங்கள் வேணுமெண்டு ஏதோ செய்துபோட்டியள் எண்டு நினைச்சன்.” அவள் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் தவறவேணும் எண்டு நீங்கள் நினைக்கிறது எனக்குத் தெரியும். கோடை முழுக்கத் தெரியும். பொய் சொல்லுறியளோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். பொட்டு வைச்சனான் எண்டு சொன்னோடனை அழுகை வந்திட்டுது. அழுத கண்ணிலை புள்ளி நாலா அஞ்சாத் தெரிஞ்சுது. பின்னாலை நிண்ட ஆளை முதல் விட்டிட்டு, கண் காய்ஞ்சாப் பிறகுதான் சுட்டனான்.”

அவள் கண்டுபிடித்தது உண்மை என்பதும் அவள் நினைத்தது நடக்கவில்லை என்பதும் சேர்ந்து என்னைப் போட்டு உலைத்தன.

“நீர் கேட்ட நேரம் எனக்குச் சந்தோசம் வந்துது” என்றேன். “சொல்லாமல் விடுவமோ எண்டு யோசிச்சனான்.”

“ஓம். கொஞ்ச நேரம் கதைக்கேல்லை நீங்கள்.”

“எனக்கு உது பிடிக்காதெண்டில்லை, நிரோ. எனக்குப் பயம்.” இருபது வருஷக் கலியாணத்தில் இதைச் சொல்ல எனக்கு ஒரு படிக்கட்டு வேண்டியிருந்தது. காதின் மேல் வைத்த பிஸ்டலைப் பற்றியும் சொன்னேன். நாலு வசனத்தில் முடிந்துவிட்டது. இத்தனை காலம் அதைப் பெரிய கதை என்று நினைத்திருந்தேன்.

அவள் எழும்பி வந்து என் படியில் இருந்தாள். பெட்டியைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, கையை என் காதின் மேல் வைத்தாள். எந்தக் காது என்று கேட்கவில்லை, ஆனால் சரியான காதில்தான் வைத்தாள்.

“எனக்கும் பயம்தான்” என்றாள். “பதினொரு வருசமா, ஒவ்வொரு நாளும் காலமை இடுப்பிலை கட்டேக்கை. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை.”